கீழ்வீட்டுப் பையன்: பிலிப் ராத்தின் நாவலும் ஒரு தேர்தல் பயமும்

2016 நவம்பர் 9-ஆம் தேதி காலை ஜெர்சி சிட்டியில் ரயில் ஏறியபோது பெட்டியில் யாரும் பேசவில்லை. இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். 'பொணம் விழுந்த வீடு மாதிரி இருந்துச்சு' என்று சேர்த்தும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அந்த ரயிலில் எந்த நாளும் காலையில் யாரும் பேச மாட்டார்கள். ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்றும் அப்படித்தான் நின்றார்கள். முந்தைய நாள்வரை எனக்குத் தூக்கக் கலக்கமாகத் தெரிந்த மௌனம் அன்று துக்கமாகத் தெரிந்தது. எதிரே நின்ற வெள்ளைக்காரர் என்னைப் பார்க்காமல் இருந்ததுகூட எதையோ சொல்வதுபோல் இருந்தது. அதற்கு முன்பு அவர் என்னைப் பார்த்ததும் இல்லை என்பது அப்போது தோன்றவே இல்லை.

எங்கள் அறையில் நான்கு பேர். நான்கு பேரும் எச்-1பி. அன்று மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் 'விசா எல்லாம் ரத்தாம்', 'கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவன் திரும்ப வர முடியாதாம்' என்று வந்துகொண்டே இருந்தது. நம்பாதவர்களும் பத்து பேருக்கு அனுப்பினார்கள், அனுப்பிவிட்டு 'ஃபேக்கா இருக்கும், ஆனா பாத்து இருந்துக்கோ' என்றார்கள். அந்த வாரத்தில்தான் பிலிப் ராத்தின் 'தி ப்ளாட் அகெய்ன்ஸ்ட் அமெரிக்கா' பற்றி எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். 2004-இல் வந்த நாவல். நூலகத்தில் வரிசையில் காத்திருந்துதான் வாங்க முடிந்தது. நான்கே இரவில் படித்து முடித்தேன். மனிதர் எப்படி முன்கூட்டியே கண்டார் என்று வியந்தேன். அந்த வாசிப்பு முழுக்கவே தவறானது என்று இப்போது நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாவது முறையாக நிற்கிறார். நிஜ வரலாற்றில் குடியரசுக் கட்சி வெண்டெல் வில்க்கியை நிறுத்தியது. ரூஸ்வெல்ட் 38 மாநிலங்களை வென்றார். நாவலில் அந்தக் கட்சி சார்ல்ஸ் லிண்ட்பெர்க்கை நிறுத்துகிறது. 1927-இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாளாக, எங்கும் இறங்காமல் விமானத்தில் கடந்தவர். 1938-இல் கோரிங் கையால் நாஜி ஜெர்மனியின் பதக்கம் வாங்கியவர். அமெரிக்காவைப் போருக்குள் தள்ளுபவர்களில் யூதர்களும் உண்டு என்று 1941 செப்டம்பரில் டி மோயின் நகரில் மேடையேறிப் பேசியவர். இவை மூன்றும் நிஜம். பேச்சை மட்டும் ராத் தன் வசதிக்காகக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொள்கிறார். நாவலில் லிண்ட்பெர்க் தன் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக இறங்கி, போர் வேண்டுமா வேண்டாமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் பறந்துபோகிறார். 48-இல் 46 மாநிலங்கள் அவருக்கு. இதையெல்லாம் நியூ ஜெர்சி மாநிலம் நெவார்க்கில், யூதர்கள் நிறைந்த வீக்வேயிக் பகுதியில், தபால் தலை சேகரிக்கும் ஏழு வயதுப் பையன் ஒருவன் வீட்டு வானொலி வழியாகக் கேட்கிறான். பையனின் பெயரும் பிலிப் ராத். அப்பா ஹெர்மன், அம்மா பெஸ், அண்ணன் சாண்டி எல்லோருமே எழுத்தாளரின் நிஜக் குடும்பம்தான். கற்பனையான தேர்தல் ஒன்றை நிஜமான வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

நாவலின் முதல் சொல்லே பயம்தான். கடைசி அத்தியாயத்தின் தலைப்பிலும் அதே சொல் வருகிறது. நடுவிலுள்ள முதல் இருநூறு பக்கங்களில் நடப்பதைக் கணக்கெடுத்தால் ஒன்றும் பெரிதாக இல்லை, ராத்தின் சாமர்த்தியமும் அங்கேதான். யாரையும் கைது செய்யவில்லை, கடைகளை உடைக்கவில்லை, யூதர்களுக்கு எதிராக ஒரு சட்டமும் வரவில்லை. நெவார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குச் சுற்றுலா போகும் குடும்பத்தை, முன்பதிவு செய்திருந்த விடுதியில் ஏதோ தவறு நடந்துவிட்டதாகச் சொல்லிப் பெட்டிகளோடு வெளியே அனுப்புகிறார்கள். லிங்கன் நினைவகத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ஹெர்மனை வாயாடி யூதன் என்று திட்டுகிறார். இந்த மாதிரி ஆட்கள் ரூஸ்வெல்ட் காலத்திலும் இருந்தார்கள். அவர்கள் இப்போது சத்தமாகப் பேசுவது தேர்தலாலா, அல்லது நம் காதுதான் கூர்மையாகிவிட்டதா? நாவல் இதற்குப் பதில் சொல்வதில்லை. ஹெர்மனுக்குப் பதில் தெரியும். பெஸ்ஸுக்கும் தெரியும். இரண்டு பேரின் பதிலும் வேறு.

வேட்பாளர் அறிவிக்கப்படும் இரவைச் சொல்ல வேண்டும். விடிய இன்னும் நேரமிருக்கிறது. தெரு முழுக்க வீடுகளில் வானொலி ஓடிக்கொண்டிருக்கிறது. லிண்ட்பெர்க் பெயரைக் கேட்டதும் ஆண்களும் பெண்களும் தூங்கும் உடையோடு தெருவுக்கு இறங்கிவிடுகிறார்கள், பூகம்பம் வந்தால் இறங்குவதுபோல. அவ்வளவு கௌரவமான மனிதர்களை இரவு உடையில் தெருவில் பார்ப்பதுதான் பையனுக்கு அதிர்ச்சி. அரசியல் அவனுக்குப் புரியவில்லை. பெரியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது மட்டும் புரிகிறது. ஒரு குழந்தைக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. அன்றிலிருந்து அவன் கனவில் தபால் தலைகள் மாறுகின்றன. வாஷிங்டன் முகம் இருந்த இடத்தில் ஹிட்லர். தேசியப் பூங்காக்களின் மலைகள்மேலும் அருவிகள்மேலும் கறுப்பு ஸ்வஸ்திகா. நாவலில் எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம் இது. எனக்கு அந்தத் தூக்க உடை மனிதர்கள்தான் பெரிது.

என் வேலையில் ஒரு பகுதி சர்வர்களுக்கு அலாரம் அமைப்பது. எல்லையைத் தாழ்வாக வைத்தால் ராத்திரி முழுக்க போன் அடிக்கும். மூன்றாம் நாள் ஆட்கள் அதை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். உயரத்தில் வைத்தால் நிஜமாகவே எரியும்போது சத்தம் வராது. சரியான எல்லை எது என்பது எரிந்து முடிந்த பிறகு நடக்கும் கூட்டத்தில்தான் தெரியும், அங்கே எல்லோருமே புத்திசாலிகள். ராத்தின் குடும்பம் ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேஜையில் சண்டை போடுவது இந்த எல்லை பற்றித்தான். ஹெர்மனுக்கு எல்லாமே அலாரம். ஆனால் நாட்டை விட்டுப் போக மாட்டார், 'இது நம்ம நாடு' என்பார். பெஸ் சத்தம் போடாமல் துணிக்கடையில் விற்பனை வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தைக் கனடாவில் ஒரு வங்கியில் போட ஆரம்பிக்கிறாள். பெரியம்மா, சித்தி வகையில் ஒருத்தி: பெஸ்ஸின் தங்கை எவ்லின். அவள் லிண்ட்பெர்க்கை ஆதரிக்கும் யூத மதகுரு பெங்கல்ஸ்டார்ஃபின் காதலியாகி, பிறகு மனைவியாகி, வெள்ளை மாளிகை விருந்துக்கே போய்விடுகிறாள். பெரியப்பா மகன் ஆல்வின் ஹிட்லரோடு சண்டை போடக் கனடா ராணுவத்தில் சேர்ந்து, ஒரு காலை இழந்து திரும்புகிறான். அண்ணன் சாண்டி அரசாங்கத் திட்டம் ஒன்றில் கென்டக்கியின் புகையிலைப் பண்ணைக்குப் போய், கோடை முழுக்க உழைத்து, உடம்பு தேறி, வீட்டாரைக் கோழைகள் என்று ஏளனம் செய்பவனாக வருகிறான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஹெர்மனிடம் ஆளாளுக்குச் சொல்கிறார்கள், அவரவர் மொழியில். பழமொழியில் ஒரு வசதி இருக்கிறது: அரண்டவன் ஒருவன், பேய் கிடையாது, கதை முடிந்தது. ராத் அந்த வசதியைத் தருவதில்லை. இருட்டில் பேய் இருக்கிறதா என்று கடைசிவரை தெரியாமலே, அரண்டவன் தன் வீட்டில் என்னென்ன உடைக்கிறான் என்று காட்டிக்கொண்டே போகிறார். ஆல்வினும் ஹெர்மனும் வீட்டுக்குள்ளேயே ரத்தம் வர அடித்துக்கொள்ளும் காட்சி ஒன்று வருகிறது. லிண்ட்பெர்க் ஆட்கள் ஒருவரும் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. மேஜையையும் பாத்திரங்களையும் அவர்களேதான் உடைத்துக்கொள்கிறார்கள்.

2016-இல் எல்லோரும் இதைத் தீர்க்கதரிசனம் என்றார்கள். நாவல் வந்த சமயத்தில் புஷ் காலத்தைப் பற்றியது என்றார்கள். ராத் அதை மறுத்து நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரையே எழுதினார். வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கரின் தன்வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, குடியரசுக் கட்சியில் சிலர் 1940-இல் லிண்ட்பெர்க்கை நிறுத்த நினைத்தார்கள் என்ற ஒரு வாக்கியம் கண்ணில் பட்டதாம். நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓரத்தில் எழுதிவைத்தாராம். நாவல் அங்கே தொடங்கியது. 2017 ஜனவரியில் நியூயார்க்கர் பத்திரிகை கேட்டபோதும் இரண்டு பேரையும் ஒப்பிட அவர் இசையவில்லை. லிண்ட்பெர்க்குக்காவது வீரம் என்று சொல்ல நிஜமாக ஒன்று இருந்தது என்ற பொருளில் பதில் எழுதினார். ஆனால் பயந்திருக்கும் வாசகன் எழுத்தாளர் சொல்வதைக் கேட்பானா? அவனுக்கு வேண்டியது, தன் பயம் சரி என்று சொல்லும் புத்தகம். நானும் அப்படித்தான் லிண்ட்பெர்க் வரும் பக்கங்களை மட்டும் கோடு போட்டுக்கொண்டே படித்தேன். நாவலின் நடுவில் இருக்கும் ஒரு பையனைத் தாண்டிப் போய்விட்டேன்.

அவன் செல்டன் விஷ்னோ. ராத் குடும்பத்துக்குக் கீழ்வீடு. பிலிப்பின் வயது. அப்பா நோயில் செத்துப்போய்விட்டார், அம்மா வேலைக்குப் போகிறாள். சதுரங்கம் நன்றாக ஆடுவான். பிலிப் எங்கே போனாலும் பின்னாலேயே வருவான். இப்படி ஒரு பையன் நம் எல்லோர் தெருவிலும் இருந்திருக்கிறான். நல்லவன், அதனாலேயே தாங்க முடியாதவன். லிண்ட்பெர்க் அரசு 1942-இல் யூதக் குடும்பங்களை நகரங்களிலிருந்து எடுத்து, உள்நாட்டுச் சிற்றூர்களில் 'கலக்க' ஒரு திட்டம் கொண்டுவருகிறது. வன்முறை எதுவும் இல்லை. வேலை பார்க்கும் நிறுவனம் வழியாக ஒரு இடமாற்றக் கடிதம், அவ்வளவே. ஹெர்மனின் காப்பீட்டு நிறுவனம் அவரைக் கென்டக்கியிலுள்ள டான்வில்லுக்குப் போகச் சொல்கிறது. பிலிப் யாருக்கும் தெரியாமல் எவ்லின் சித்தியின் அலுவலகத்துக்குப் போகிறான். அந்தத் திட்டத்தில் அவள்தான் அதிகாரி. எங்களை அனுப்பாதே, செல்டனை அனுப்பக் கூடாதா என்ற பொருளில் கேட்டுவிடுகிறான். சித்தி குறித்துக்கொள்கிறாள்.

பிறகு ஹெர்மன் வேலையை உதறிவிட்டு, அண்ணனின் காய்கறி மண்டியில் ராத்திரி மூட்டை தூக்கப் போகிறார், குடும்பம் நெவார்க்கிலேயே இருந்துவிடுகிறது. செல்டனும் அவன் அம்மாவும் டான்வில்லுக்குப் போகிறார்கள். சில மாதங்களில் கலவரம் வெடிக்கிறது. லூயிவில்லிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த செல்டனின் அம்மாவைக் காரோடு எரித்துவிடுகிறார்கள்.

லிண்ட்பெர்க் தேர்தலில் ஜெயித்ததால் நடந்த சாவுதான் இது, சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சாவுக்குப் போகும் வழியில் ஓர் ஒன்பது வயதுப் பையனின் கையெழுத்தும் இருக்கிறது. அவன் கெட்டவன் இல்லை. நாவலில் அவனைவிடப் பயந்தவர் யாரும் இல்லை, அவ்வளவுதான். முதல் வாசிப்பில் இந்தப் பகுதியைக் குழந்தைத்தனமான ஒரு கிளைக்கதை என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். நாவலை முடித்த சில மாதங்களில் நான் செய்த காரியத்தை வைத்துப் பார்த்தால், அந்தப் பக்கங்களை எவ்வளவு வேகமாகத் திருப்பியிருப்பேன் என்று புரிகிறது.

2017 பிப்ரவரி 22 அன்று கன்சாஸ் மாநிலம் ஒலேத்தியில் ஒரு பாரில் உட்கார்ந்திருந்த இந்தியப் பொறியாளர்கள் இருவரை, 'என் நாட்டை விட்டுப் போ' என்று கத்திக்கொண்டு ஒருவன் சுட்டான். ஒருவர் இறந்தார். தடுக்கப் போன அமெரிக்கர் ஒருவரும் காயமடைந்தார். எங்கள் அறையில் அன்று சமைக்கவில்லை. அடுத்த மாதம் எங்கள் ப்ராஜெக்டின் ஒரு பகுதி கன்சாஸ் சிட்டி பக்கம் மாறியது. ஒருவர் அங்கே போய் உட்கார வேண்டும், வரிசைப்படி நான். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. 'நான் போறதுல ஒன்னும் இல்ல சார். ஆனா அந்த டேட்டாபேஸ் வேலைய என்னைவிட அவன்தான் நல்லா பண்ணுவான்' என்று அறைத்தோழன் ஒருவனின் பெயரைச் சொன்னேன். பொய் இல்லை, அவன் நிஜமாகவே நன்றாகச் செய்வான். அவனும் என்னைப் போலத்தான் ராத்திரியில் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை சரிபார்ப்பான். இரண்டு வாரத்தில் கிளம்பினான். விமான நிலையம்வரை போய் வழியனுப்பினேன். 'வாரம் ஒரு தடவையாச்சும் கூப்பிடுடா' என்றான்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பனி காலத்தில் அவன் வாசலையும் சேர்த்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். கல்யாணம் ஆகி, வீடு வாங்கி, அங்கேயே இருக்கிறான். என் அலாரம் பொய் அலாரம். அது பொய்யாகிப்போனதில் எனக்கு நிம்மதியும் உண்டு, கூடவே வேறு ஒரு சங்கடமும் உண்டு. அவன் பெயரைச் சொன்னபோது அது பொய்யாகும் என்று எனக்குத் தெரியாது. ஆபத்து என்று முழுதாக நம்பித்தான் அனுப்பினேன்.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் தோன்றுவது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. தேர்தல் கதை இல்லை. செகந்தராபாத்தில் நிஜாம் அரசு விழும் நாட்கள். அங்கேயும் ஒரு பையன், சந்திரசேகரன். கிரிக்கெட், சைக்கிள், கல்லூரி, நடுவில் ரஜாக்கர் பயம். நாவல் முழுக்கப் பயந்துகொண்டே இருப்பவன், கடைசியில் கலவரத்தில் ஓடி ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அந்த முஸ்லிம் குடும்பம் அவனைப் பார்த்து நடுங்குகிறது. வீட்டாரைக் காப்பாற்ற ஒரு சிறுமி தன் ஆடையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறாள். அவன் வாந்தியெடுத்துக்கொண்டு ஓடுகிறான். தானும் பயப்படத்தக்கவன் என்று அவன் தெரிந்துகொண்ட மறுநொடி அசோகமித்திரன் நிறுத்திவிடுகிறார். அடுத்து வரலாறு என்ன ஆயிற்று என்பதில் அவருக்கு அக்கறை இல்லை.

ராத்துக்கு இருக்கிறது. என் புகாரும் அதுதான். எட்டாவது அத்தியாயத்தில் நாவல் திடீரென்று திரையரங்குச் செய்திப்படத் தொகுப்பு மாதிரி தேதி போட்டு ஓட ஆரம்பிக்கிறது. லிண்ட்பெர்க் விமானத்தோடு காணாமல் போகிறார். துணை அதிபர் ராணுவச் சட்டம் கொண்டுவருகிறார். லிண்ட்பெர்க்கின் மனைவி நாட்டைக் காப்பாற்றுகிறார். 1942 நவம்பரில் ரூஸ்வெல்ட் மறுபடி ஜெயித்து, வரலாறு பழைய தண்டவாளத்துக்கு வந்துவிடுகிறது. போதாததற்கு, 1932-இல் கடத்தப்பட்ட லிண்ட்பெர்க்கின் குழந்தையை நாஜிகளே வைத்துக்கொண்டு அவரை மிரட்டினார்கள் என்று ஒரு கதை எவ்லின் வாய்வழியாக வருகிறது. வதந்தி என்றுதான் ராத் வைக்கிறார். இருந்தாலும் அதை அவ்வளவு விரிவாகச் சொல்ல வைத்ததில் ஒரு சபலம் தெரிகிறது. பேய் உண்டா இல்லையா என்று முந்நூறு பக்கம் நம்மைத் தவிக்கவிட்டவர், கடைசியில் உண்டு என்று நிரூபித்து, உடனே விரட்டியும் விடுகிறார். பயந்த வாசகனுக்கு இரட்டைச் சந்தோஷம். நான் 2016-இல் அந்த இடத்தில்தான் பெருமூச்சு விட்டேன்.

2020-இல் டேவிட் சைமனும் எட் பர்ன்ஸும் இதை ஆறு பகுதித் தொடராக எச்பிஓவுக்கு எடுத்தார்கள். குடும்பப் பெயரை லெவின் என்று மாற்றினார்கள், முடிவையும் மாற்றினார்கள். வாக்குச்சீட்டுகள் எரிகின்றன, வானொலியில் எண்ணிக்கை வந்துகொண்டிருக்கும்போதே தொடர் முடிந்துவிடுகிறது. நாவலின் முடிவைவிட நேர்மையானது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதிலும் திருப்தியில்லை. அது 2020 தேர்தலை நோக்கி வைத்த முடிவு. பார்வையாளனின் பயத்தைத் தூண்டிவிட்டு நிற்கிறது. ராத் பயத்தை ஆற்றுகிறார், சைமன் ஊதிவிடுகிறார். செல்டனை இரண்டு பேருமே கொஞ்சம் மறந்துவிடுகிறார்கள்.

இல்லை, ராத்தை அப்படிச் சொல்வது நியாயமில்லை. செய்திப்பட அத்தியாயத்துக்குப் பிறகு அவர் காலத்தைப் பின்னால் திருப்பி, கடைசி அத்தியாயத்தில் வீட்டுக்குத் திரும்பி வருகிறார். அங்கே ஒரு தொலைபேசிக் காட்சி இருக்கிறது. நாவலின் உச்சம் என்று நான் சொல்வேன். கலவர இரவு. டான்வில்லில் செல்டன் வீட்டில் தனியாக இருக்கிறான், அம்மா இன்னும் வரவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பெஸ் போனில் பேசுகிறாள். நாட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அவனுடைய அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்றும் ஊகித்திருப்பாள். அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. அலமாரியில் என்ன இருக்கிறது, பால் இருக்கிறதா, பழம் இருக்கிறதா, தட்டை எடு, உட்கார்ந்து சாப்பிடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சாப்பிட வைக்கிறாள். பையன் இடையிடையே வேறு எதையாவது கேட்கிறான், அவள் மறுபடியும் சாப்பாட்டுக்கே கொண்டுவருகிறாள். அவனை அங்கே அனுப்பிய பிலிப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறகு ஹெர்மனும் சாண்டியும் கார் எடுத்துக்கொண்டு கென்டக்கிவரை போய்ச் செல்டனைக் கூட்டிவருகிறார்கள், அவன் பிலிப்பின் அறையிலேயே, பக்கத்துக் கட்டிலிலேயே தங்கிவிடுகிறான். ரூஸ்வெல்ட் திரும்ப வந்தது போன அத்தியாயத்திலேயே தெரிந்த செய்தி, அதனால் இந்த அறையில் ஒன்றும் மாறுவதில்லை.

நான் 2019-இல் சென்னைக்கு வந்துவிட்டேன். காரணம் கேட்டால் அப்பா உடல்நிலை என்பேன், அதுவும் பொய் இல்லை. 2024 நவம்பர் 6 காலை நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது கன்சாஸிலிருந்து அவன் கூப்பிட்டான். அங்கே முந்தைய நாள் இரவு, டிவியில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. மனைவியும் பிள்ளையும் தூங்கப் போய்விட்டார்களாம். 'மறுபடியும் அதே ஆளுதான்டா போல. க்ரீன் கார்டு என்ன ஆகும்னு தெரியல' என்றான். குரலில் பதற்றம் இருந்ததா, தூக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மேனேஜரிடம் நான் சொன்னதை அவனிடம் இதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

'சாப்ட்டியா?' என்றேன்.

'எங்க, இதயே பாத்துட்டு உக்காந்துட்டேன்.'

'ஃப்ரிட்ஜுல என்ன இருக்கு பாரு.'

எழுந்து போகும் சத்தம் கேட்டது. தோசை மாவு இருக்கு என்றான். கல்லை வைக்கச் சொன்னேன்.